தசைநாண் ஆபரேஷன் ஆன நாயை எப்படி அடக்கி வைப்பது?

கருப்பனின் அம்மா:
எங்கள் கருப்பனுக்கு 5 வயது. பின்னங்காலில் குதிகால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்து, தைத்து இன்றோடு 19 நாள். கணு மடங்காதபடி கட்டுப் போட்டிருக்கிறார்கள், 6 முதல் 8 வாரம் இருக்குமாம். முதல் வாரம் பாவமாகக் கிடந்தான். இப்போது அழைப்பு மணி அடித்தால் மூன்று காலில் பாய்கிறான். நேற்று சோபாவில் ஏறி உட்கார்ந்து வாலை ஆட்டுகிறான், திட்டவா, சிரிக்கவா? கூண்டில் விட்டால் விடிய விடிய அழுகை. வலிதான் இல்லையே, கொஞ்சம் நடக்க விட்டால் என்ன ஆகிவிடும்?

மூன்றுகால் கிழவி:
ஆகும். எங்கள் நாய் கிழவிக்கு ஆனது. மூன்றாவது வாரம், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்தேன். ஒரே ஒரு பூனை. மறுபடியும் ஆபரேஷன்.

வலி போவது வேறு, நாண் கூடுவது வேறு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. 6 வாரத்தில் பழைய பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் திரும்பும். ஒரு வருடம் ஆனாலும் முழுதாக வராது.

கூண்டை நீங்கள் உட்காரும் இடத்துக்கே கொண்டுவாருங்கள். கிழவி அழுதது கூண்டுக்காக இல்லை, தனிமைக்காக. சாப்பாட்டைப் பழைய துண்டில் சுருட்டிக் கொடுங்கள், மோப்பம் பிடித்தே களைத்துப்போவான். அளவைக் குறையுங்கள், எடை ஏறினால் அதையும் அந்தக் கால்தான் சுமக்கும். வெளியே போவது ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும், அதுவும் கயிற்றோடு. சோபா மேல் நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள்.

கட்டுக் காவலன்:
எங்களைத் தையலைவிடக் கட்டுதான் படுத்தியது. வெளியே தெரியும் நடு விரல்கள் இரண்டின் நகங்களைத் தினமும் இரண்டு வேளை பாருங்கள். வழக்கத்தைவிட விலகி நின்றால் பாதம் வீங்குகிறது. வாடை வந்தாலும், நனைந்தாலும், கட்டையே கடித்துக்கொண்டிருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். பிளாஸ்டிக் உறை வெளியே போகும்போது மட்டும். வந்ததும் கழற்றாவிட்டால் உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும். அப்புறம், நமக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே நாய்க்கு ஆபத்து.

கருப்பனின் அம்மா:
நகம் சரியாக இருக்கிறது. கட்டு எடுத்ததும் ஓடலாமா?

மூன்றுகால் கிழவி:
ஓட்டமா! முதலில் 5 நிமிட நடை, பிறகு டாக்டர் சொல்லச் சொல்லக் கூட்டலாம். வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள். கணு தரையை நோக்கித் தாழ்ந்தால் உடனே காட்டுங்கள்.

கருப்பனின் அம்மா:
சரி. சோபா மேல் மூன்று நாற்காலி ஏறியாயிற்று. கூண்டு என் மேசைக்குப் பக்கத்தில். குறட்டை கேட்கிறது.