டெரஸ் என்பதற்கு ‘நில்படி’: ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

பிரித்தானியக் கால்பந்து அரங்குகளின் வரலாற்றில் ஓயாமல் வரும் ‘டெரஸ்’ என்னும் சொல்லுக்கு இதுவரை படிக்கட்டு, நிலைப்படி, பார்வையாளர் மாடம் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டுள்ளன. மூன்றுமே எனக்கு நிறைவளிக்கவில்லை. டெரஸ் என்றே எழுதிவிட்டால் நம் வாசகர் மனத்தில் வடாம் காயும் மொட்டைமாடிதான் தோன்றும் என்பதால் அதுவும் வழியாகாது.

முதலில் பொருளைப் பார்ப்போம். கோல் கம்பங்களுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ, ஒருவர் பின் ஒருவராக நின்று பார்ப்பதற்கென்று சரிவாக அமைக்கப்பட்ட தாழ்வான, நீண்ட படிகளே டெரஸ். அங்கே இருக்கை கிடையாது. ஆளுக்கென்று அளந்த இடமும் கிடையாது. பந்து கோலை நெருங்கும்போது கூட்டம் மொத்தமாக முன்னே சரியும் என்பதால், அந்த உந்துதலை இடையிடையே வாங்கிக்கொள்ள இடுப்புயரக் கம்பித் தடுப்புகளை நட்டிருப்பார்கள்.

‘படிக்கட்டு’ ஏன் பொருந்தாது என்பதற்கு கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கே போதிய சான்று. 1902 ஏப்ரல் 5 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிக்கொண்டிருந்தபோது, இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை பரப்பிக் கட்டப்பட்டிருந்த மேற்குப் பக்க டெரஸின் ஒரு பகுதி உடைந்து விழுந்து 25 பேர் இறந்தனர். அதே அரங்கில் 1971 ஜனவரி 2 அன்று, ஆட்டம் முடிந்து மக்கள் வெளியேறும்போது ஏற்பட்ட நெரிசலில் 66 பேர் இறந்தனர். முன்னது நிகழ்ந்தது மக்கள் நின்று பார்த்த இடத்தில். பின்னது நிகழ்ந்தது வெளியேறும் மாடிப்படியில். இரண்டையும் படிக்கட்டு என்றே எழுதினால், ஒன்று கட்டுமானத்தின் வலுக்குறைவு, மற்றொன்று வெளியேறும் வழியின் அமைப்பு சார்ந்தது என்ற வேறுபாடே வாசகருக்குப் புலப்படாது.

‘நிலைப்படி’ கேட்க இனிமையானது. ஆனால் அது வாசற்காலின் அடிக்கட்டையாக நம் வீடுகளில் முன்பே குடியிருக்கிறது. ‘மாடம்’ இருக்கைகள் கொண்ட, பெரும்பாலும் கூரையுள்ள கட்டடத்துக்கே பொருந்தும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர அரங்கில் 1985இல் தீப்பற்றி 56 பேர் இறந்தது அத்தகைய பழைய மர மாடத்தில்தான்.

எனவே ‘நில்படி’ என்னும் வினைத்தொகையை முன்மொழிகிறேன். நிற்படி என்று புணர்த்த வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். கொல்களிறு, வெல்படை போன்றவற்றில் லகரம் திரியாமல் நிற்பதைப் போலவே இங்கும் நிற்கும். சேர்த்து எழுதுவது கட்டாயம். பிரித்து எழுதினால் ‘நில், படி’ என்று சாலையோர அறிவிப்புப் பலகைபோல ஆகிவிடும்.

இதனுடன் சேர்த்து முடிவுசெய்ய வேண்டியது அந்தக் கம்பித் தடுப்பின் பெயர். ஐப்ராக்ஸை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் லீட்ச், 1902 விபத்துக்குப் பிறகு சட்டத்தின்மேல் மரப்பலகை பரப்பும் முறையைக் கைவிட்டு மண்மேடுகளின்மேல் நில்படிகளை அமைக்கலானார். மேம்பட்ட தடுப்புகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். இதற்குத் ‘தடுப்புவேலி’ என்ற பரிந்துரையை நான் கடுமையாக மறுக்கிறேன். 1989இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் 97 உயிர்களைக் குடித்த நெரிசலில், மக்களைத் தப்பவிடாமல் அடைத்து நிறுத்தியவை நில்படியைக் கூறுபோட்டிருந்த வேலிகளும் ஆடுகளத்தை ஒட்டிய வேலியும். அழுத்தத்தைத் தாங்கியிருக்க வேண்டிய கம்பித் தடுப்புகளில் ஒன்றோ முறிந்துபோனது. எதிரெதிர்ப் பணி செய்யும் இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கலாகாது. இடிதாங்கி, சுமைதாங்கி என்னும் வழியில் இதனை ‘நெரிசல்தாங்கி’ என்போம்.

லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு அரங்கில் 1906இல் எழுந்த ‘ஸ்பியான் காப்’ நில்படியின் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அது 1900இல், பிரித்தானியரும் டச்சுவழிக் குடியேறிகளான போயர்களும் மோதிய தென்னாப்பிரிக்கக் குன்றின் பெயர். இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டிக் காந்தி காயமுற்றோரைச் சுமந்த களங்களுள் அக்குன்றும் ஒன்று. ஒரு காலத்தில் ஏறத்தாழ 28,000 பேர் நின்ற இந்த இடம், ஹில்ஸ்பரோவை விசாரித்த டெய்லர் அறிக்கை அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்று பரிந்துரைத்ததன் விளைவாக 1994இல் நில்படித் தன்மையை இழந்தது. புதிதாக எழுந்த மாடத்தில் சுமார் 12,000 பேரே அமர முடிந்தது. இடமும் ஓசையும் குறைந்ததைப் பற்றிய ஏக்கம் அங்கு இன்றும் உண்டு. அந்த ஏக்கத்தை எழுதுவதற்கும் நமக்கு இந்தச் சொல் தேவைப்படும்.

ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. 2022 முதல் இங்கிலாந்தின் சில அரங்குகளில் உரிமத்துடன் மீண்டும் நிற்க விடுகிறார்கள்; ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் மடக்கு இருக்கையும் முன்னால் ஒரு கம்பியும் உண்டு. ஜெர்மனியின் டார்ட்மண்ட் அரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் நிற்கும் தெற்குப் பகுதியோ உள்நாட்டு ஆட்டங்களில் முழுமையான நில்படியே. ஐரோப்பியப் போட்டிகளுக்காக அண்மைக்காலம்வரை அங்கே இருக்கைகள் பொருத்தப்பட்டு வந்தன. இருக்கை எண்ணிக்கையை மீறி ஆள் சேர்க்க இயலாத இங்கிலாந்து ஏற்பாட்டை நில்படி என்பது தவறு என்றே கருதுகிறேன். ‘கம்பியிருக்கை’ என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கட்டடவியல் அறிந்த அன்பர்கள் இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தந்தால் ஏற்கிறேன்.