பிறை தேய்வது பூமியின் நிழலாலா? எட்டாம் வகுப்பில் மாட்டிக்கொண்டேன்

மலையோர டீச்சர் (கேள்வி):
காலாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பு, 34 பேர். நிலவு ஏன் பிறையாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு, "ஒளிபட்ட பாதியில் நமக்குத் தெரியும் அளவு மாறுகிறது" என்று நோட்ஸில் உள்ளதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். கீழே படத்தைப் பார்த்தால் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே கோட்டில்! நிலவின் மேல் பூமியின் நிழலைப் பென்சிலால் கறுப்பாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

தப்பு என் பேரிலும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 7 ராத்திரி சந்திர கிரகணத்தைப் பார்க்கச் சொன்னதே நான்தான். "நிழல்தான் டீச்சர், கண்ணாலேயே பார்த்தோம்" என்கிறார்கள். பந்தும் டார்ச்சும் வைத்துக் காட்டினேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். வேறு என்ன செய்யலாம்?

கணக்கு சார்:
பதில் சரியாக எழுதிவிட்டார்களே, விடுங்களேன் மேடம். சிலபஸை யார் முடிப்பது?

பழைய பிசிக்ஸ் வாத்தியார்:
டீச்சர், இருட்டறையில் டார்ச் காட்டினால் அது பிள்ளைகளுக்குத் தனிக் கதை, வானத்து நிலா தனிக் கதை. நிலாவையே வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். காலண்டரில் தேய்பிறை அஷ்டமி பாருங்கள், அக்டோபர் 14 செவ்வாய். பிரேயர் முடிகிற நேரம் கிழக்கே சூரியன், மேற்கே அரை நிலா, இரண்டும் தெரியும். சத்துணவுக் கூடத்தில் ஒரு வெள்ளை முட்டை வாங்கி, வெயிலில் நின்று, கையை நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதே பக்கம்தான் முட்டையிலும் இருக்கும். முட்டை மேல் யார் நிழலும் விழவில்லையே!

ஆனால் முட்டையைத் தூக்கும் முன்பே ஆளுக்கு ஒரு ஊகம் நோட்டில் எழுத வையுங்கள். இல்லாவிட்டால் பார்த்த பிறகு எல்லாரும் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்பார்கள். 32 வருஷம் கேட்டுச் சலித்த வசனம்.

மொட்டைமாடி வானம்:
அக்கா, கிரகணத்தைத் திட்டாதீர்கள், அதையே சாட்சிக்கு இழுங்கள். அன்று 10 மணி வாக்கில் ஓரத்தைத் தொட்ட நிழல், 11 மணிக்கு முழு நிலாவையும் மூடிவிட்டது. பௌர்ணமி தேய்ந்து அமாவாசையாக இரண்டு வாரம் ஆகிறது. அதே நிழல் என்றால் ஏன் இவ்வளவு சோம்பல் என்று கேளுங்கள். இன்னொன்று, பூமி நிழலின் விளிம்பு எப்போதும் வளைவுதான். அரை நிலாவின் நடுக்கோடோ நேராக இருக்கும்.

மலையோர டீச்சர்:
இன்று செய்துவிட்டோம். காலையில் மேகம், வயிற்றில் புளி கரைத்தது. 9.20க்கு விலகியது. சத்துணவு அக்கா மூன்று முட்டை கொடுத்து, "கணக்குக் காட்டணும் டீச்சர், உடைச்சிடாதீங்க" என்றார். ஊகத்தில் 21 பேர் நிழல் என்று எழுதியிருந்தார்கள். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்த ஒருத்தி, "டீச்சர், முட்டையிலும் அஷ்டமி!" என்று கத்தினாள்.

அப்புறம்தான் சிக்கல். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், "எங்க நிழல் மேற்கேதானே விழுது, நிலாவும் மேற்கேதானே இருக்கு?" என்றான். எனக்கு ஒரு நிமிடம் ஓடவில்லை. பூமியின் நிழலும் நம் நிழல் போகிற திசையில்தான் போகும் என்று சொல்லி, ஒரு கையைத் தரையில் அவன் தலை நிழலுக்கு நேராகவும், மறு கையை நிலாவுக்கு நேராகவும் நீட்டச் சொன்னேன். சாய்ந்த 'ட' மாதிரி நின்றான். "நிழல் தரைக்குள்ளே போகுது டீச்சர், நிலா மேலே இருக்கு" என்று அவனே சொன்னான். ஆனாலும் முகத்தில் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. அடுத்த அஷ்டமிக்கு மறுபடி கேட்பேன்.

முட்டை மூன்றும் பத்திரமாகத் திரும்பிவிட்டன. போகும்போது ஒருத்தி கேட்டாள்: பௌர்ணமி அன்று நிலா நிழல் பக்கம்தானே இருக்கு, அப்புறம் ஏன் மாசாமாசம் கிரகணம் வரவில்லை என்று. நிலாவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நிலா போய்விடுகிறது என்று சொல்ல வேண்டும். வாத்தியார் ஐயா, இதற்கும் முட்டை போதுமா?