கார்டன் பிரவுன்: தங்கத்தை விற்றவர் என்ற அடையாளம் மட்டும் போதுமா?

தண்டையார்பேட்டை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் நாங்கள் எட்டுப் பேர் போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிறோம். ஞாயிறுதோறும் ஒருவர் பொருளாதாரத் தலைப்பு ஒன்றை எடுத்துப் பேச வேண்டும். வரும் ஞாயிறு என் முறை. 1997 முதல் 2007 வரை பிரிட்டனின் நிதியமைச்சராக, அங்குள்ள வழக்கில் சொன்னால் சான்சலராக, இருந்த கார்டன் பிரவுனைப் பற்றிப் பேசவிருக்கிறேன். பெயரைச் சொன்னவுடனே தோழி ஒருத்தி, "நாட்டுத் தங்கத்தை அடிமாட்டு விலைக்கு விற்றவர்தானே?" என்று கேட்டுவிட்டாள்.

ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டி என்ற ஊரில் பாதிரியார் மகனாக வளர்ந்து, 16 வயதிலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ரக்பி ஆட்டத்தில் பட்ட அடியால் இடக்கண் பார்வையை இழந்து, 1983இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர் அவர் என்பது வரை படித்துவிட்டேன். என் அப்பா துறைமுகத் தொழிலாளி என்பதாலோ என்னவோ, ஒரு செய்தி மனத்தில் தங்கிவிட்டது: 1997இல் தம் முதல் பட்ஜெட்டுக்கு அவர் எடுத்துவந்த புதிய சிவப்புப் பெட்டி, ரோசைத் கப்பல் தளத்தில் தொழில் பழகிய இளைஞர்கள் செய்தது. பத்தாண்டுப் பதவிக்காலத்தில் அவர் எடுத்த முடிவுகளுள் எதை முதன்மையாகச் சொல்வது என்பதையும், தங்க விற்பனையை எப்படி மதிப்பிடுவது என்பதையும் விவரமறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ராயபுரம் ஓய்வூதியர்:

மகளே, உன் பேச்சை 1997 மே 6ஆம் தேதியிலிருந்து தொடங்கு. மே 2ஆம் தேதி பதவியேற்ற பிரவுன், நான்கே நாளில், வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். அதுவரை வங்கி ஆளுநர் ஆலோசனை சொல்வார், முடிவு நிதியமைச்சருடையதாக இருக்கும். தேர்தல் நெருங்கும்போது வட்டியைக் குறைத்து மக்களை மகிழ்விக்கும் ஆசை எந்தக் கட்சிக்கும் வரக்கூடியதே. அந்த ஆசைக்கு இடமில்லாதபடி, ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று மாதந்தோறும் கூடி வாக்களித்து வட்டியை நிர்ணயிக்கும் என்று அவர் ஏற்பாடு செய்தார். 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதை உறுதிப்படுத்தியது.

ஆனால் எல்லாவற்றையும் அவர் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். பணவீக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற இலக்கை (முதலில் 2.5 விழுக்காடு) அமைச்சரே வகுப்பார், அதிலிருந்து மேலோ கீழோ ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் விலகினால் ஆளுநர் காரணம் விளக்கி வெளிப்படையாகக் கடிதம் எழுத வேண்டும். அத்தகைய முதல் கடிதம் 2007 ஏப்ரலில்தான் எழுதப்பட்டது. நம் ரிசர்வ் வங்கியில் ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு 2016இல் வந்ததை நினைத்துப் பார்த்தால், பிரவுன் எவ்வளவு முன்கூட்டியே செயல்பட்டார் என்பது விளங்கும். வங்கியில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவன் நான். வட்டி உயர்வுச் சுற்றறிக்கை வரும் நாளில் வீட்டுக்கடன்காரர்கள் பாஸ்புத்தகத்தைப் பிரித்துக் கவுண்டரில் வைத்து, "இனி மாதம் எவ்வளவு சார் கூடும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தேர்தல் கணக்கிலிருந்து பிரித்து வைத்ததைத்தான் அவருடைய பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன்.

காசிமேடு மீனவர் வீட்டுப் பெண்:

தங்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன், தங்கச்சி. 1999 ஜூலை முதல் 2002 மார்ச் வரை 17 ஏலங்களில் சுமார் 395 டன் விற்கப்பட்டது. கையிருப்பில் அது பாதிக்கும் மேல். எட்டு கிராம் ஒரு சவரன் என்று வகுத்துப் பார், ஏறத்தாழ ஐந்து கோடிச் சவரன் வரும். கிடைத்த சராசரி விலை அவுன்ஸுக்கு (தங்கக் கணக்கில் ஏறத்தாழ 31 கிராம்) 275 டாலர், அதாவது சவரனுக்கு 70 டாலர் அளவில். 2011இல் அதே சவரன் ஏறத்தாழ 490 டாலருக்குப் போனது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அவரை எல்லோரும் ஏசுகிறார்கள்.

விற்றதே தவறு என்று நான் நினைக்கவில்லை. 1980இல் 850 டாலர் வரை ஏறிய தங்கம், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுத்தே கிடந்தது. வட்டியும் தராத பொருளைக் குறைத்து, டாலர், யூரோ, யென் என்று பிரித்து வைத்ததில் நியாயம் உண்டு. பிழை எங்கே என்றால், 1999 மே 7ஆம் தேதியே இவ்வளவு விற்கப்போகிறோம் என்று உலகத்துக்கே அறிவித்ததில்தான். 280 டாலரை ஒட்டியிருந்த விலை சில வாரங்களில் 250ஐ நெருங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தெருவில் சங்கிலிகள் அடகுக்கடைக்குப் போகும், சீட்டுகள் மட்டும் அரிசி டின்னுக்குள் இருக்கும். அப்படி வைத்த என் வளையல் ஒன்றை, முறையாகத் தெரிவிக்காமலேயே ஒரு கடையில் ஏலம் விட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை. ஆகவே அரசு ஒளிவுமறைவின்றி விற்க விரும்பியதை நான் மதிக்கிறேன். ஆனால் பணமுடைக்காரி கூட, விற்கப்போவதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைப்படி ஏற மாட்டாள்.

வியாசர்பாடி தொழிலாளி:

ஐயா சொன்ன மே 1997இன் மறுபக்கத்தையும் பேச வேண்டும். அதே மாதத்தில் வங்கிகளைக் கண்காணிக்கும் பொறுப்பை இங்கிலாந்து வங்கியிடமிருந்து எடுத்து, தனி ஆணையம் ஒன்றிடம் தருவதாகவும் அறிவித்தார்கள். 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் பணத்தை எடுக்க மக்கள் வரிசையில் நின்றபோது, யார் முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும் என்பதே தெளிவாக இல்லை.

என்னை இன்னும் வருத்துவது பத்து விழுக்காட்டு வரி. 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு என்று நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்த அரசு, அதே மாதத்தில் வருமானத்தின் தொடக்கப் பகுதிக்குப் பத்து விழுக்காடு என்ற குறைந்த வரியையும் கொண்டுவந்தது. கூலிக்காரனுக்கு உகந்த அந்த விகிதத்தை, 2007 மார்ச்சில், தம் கடைசி பட்ஜெட்டில், பிரவுனே நீக்கினார். அடிப்படை வரியை 22லிருந்து 20ஆகக் குறைத்ததற்குக் கைதட்டல் கிடைத்தது. குழந்தை இல்லாத குறைந்த ஊதியக்காரர்கள் பலர் முன்பைவிடக் கூடுதலாக வரி கட்ட நேர்ந்தது 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் உறைத்தது. அப்போது அவர் பிரதமர். வரிவிலக்கு வரம்பை உயர்த்திச் சரிக்கட்ட வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கென்றே உழைத்த ஒருவர் கையால் இது நடந்ததே என்றுதான் மனம் ஆறவில்லை.

தண்டையார்பேட்டை மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மே 6ஆம் தேதியில் தொடங்கி, பத்து விழுக்காட்டு வரிக்குப் பாதி நேரம் ஒதுக்குகிறேன். அது என் குறிப்பில் ஒரு வரியாகக்கூட இல்லை. அக்கா, உங்கள் சவரன் கணக்கைத்தான் தோழிக்காகப் பலகையில் எழுதப்போகிறேன்.