அப்டேட்டடா, அப் டு டேட்டா?

*குரூப்: நம்ம வீட்டாளுக*

*கவின்:* அத்தை, துணி வாங்கற பையருக்கு மெயில் போகோணும், சித்த பாத்துச் சொல்லுங்.
"அப்டேட்டட் பிரைஸ் லிஸ்ட் அட்டாச்டு. அவுட்டேட்டட் ஓகோ-டெக்ஸ் சர்டிபிகேட் வில் பி ரீப்ளேஸ்டு சூன். பேமென்ட் ரிசீவ்டு டில் டேட் ஆஸ் பர் ஷீட்."
விலை எதுவும் மாறலீங், தேதி மட்டும் இந்த மாசம்.

*சுமதி அத்தை:* அப்ப அப்டேட்டட் வேண்டாங் கண்ணு. அது என்னமோ மாத்தியிருக்குன்னு சொல்ற வார்த்தை. அவன் பழைய லிஸ்டைப் பக்கத்துல வெச்சு வரிவரியாத் தேடிட்டு, எந்த ஸ்டைலுக்கு விலை மாறுச்சுன்னு கேட்டு மெயில் போடுவான். மாறல, இன்னைக்கும் இதே விலைதான்னா "தி பிரைஸ் லிஸ்ட் இஸ் அப் டு டேட்".

*கவின்:* நடுவுல கோடுங்?

*சுமதி அத்தை:* பெயர்ச்சொல்லுக்கு முன்னால வந்தா ரெண்டு கோடு: "ஆன் அப்-டு-டேட் லிஸ்ட்". கடைசில வந்தா கோடு இல்ல. டில் டேட் நம்ம நாட்டு இங்கிலீசு, "டு டேட்"னு மாத்து. அப்டேஷனும் அப்படித்தான், "அப்டேட்" போதும்.

*செந்தில் மாமா:* "கரன்ட் பிரைஸ் லிஸ்ட்"னாலும் சரிதான் மாப்ள.

*அப்பாரு:* இங்க கரண்டே இல்ல, லிஸ்டு வேறயா 😄

*செந்தில் மாமா:* சர்டிபிகேட்டுக்கு அவுட்டேட்டட் போடவே கூடாது. துணியில கெடுதலான ரசாயனம் இருக்குதான்னு டெஸ்ட் பண்ணித் தர்ற ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சர்டிபிகேட் ஒரு வருசந்தான் செல்லும். தேதி முடிஞ்சா எக்ஸ்பயர்டு. அவுட்டேட்டட்னா காலத்துக்கு ஒவ்வாததுன்னு ஆயிரும், டெஸ்ட் முறையே பழசான்னு கேப்பான். இன்னும் தேதி இருந்தா "எக்ஸ்பயர்ஸ் ஆன்" போட்டு தேதி எழுது. பக்கத்துலயே "ரினீவல் இஸ் இன் ப்ராக்ரஸ்".

*சுமதி அத்தை:* இறந்துபோன ஆளுகளுக்கு எக்ஸ்பயர்டு எழுதறதை நம்மாளுக எப்பத்தான் விடுவாங்களோ. வெளியூர்க்காரனுக்கு அது பால் பாக்கெட்டைச் சொன்ன மாதிரி இருக்கும். "பாஸ்டு அவே"தான்.

*தீபா:* சித்தப்பா, பழைய நிட்டிங் மெஷின் விக்கறதுக்கு விளம்பரம். அப்சலீட்னு போடலாங்களா?

*செந்தில் மாமா:* போட்டீன்னா இரும்பு வெலைக்குத்தான் கேப்பாங்க அம்மிணி. அப்சலீட்னா இனி யாரும் ஓட்டறதே இல்லன்னு அர்த்தம். ஓடுது, ஆனா அதைவிட நல்லது வந்துருச்சுன்னா அவுட்டேட்டட். கம்பெனி அந்த மாடல் பண்றதை நிறுத்திட்டா "டிஸ்கன்டின்யூடு", உனக்கு அதான் பொருந்தும். கூடவே "இன் வொர்க்கிங் கண்டிஷன்" சேத்துக்கோ.

*தீபா:* சரிங். ஒரு பையர் பிரின்ட்டைப் பாத்துட்டு "லுக்ஸ் டேட்டட்"னு எழுதியிருக்காரு. தேதி போடச் சொல்றாருங்களா?

*சுமதி அத்தை:* இல்ல சாமி, டிசைன் அந்தக் காலத்துதுன்னு சொல்றாரு. "லெட்டர் டேட்டட் 5 மே"ன்னா மட்டுந்தான் தேதி.

*பெரியப்பா:* தேதி தாண்டுன செக்குக்கு என்ன பேரு?

*செந்தில் மாமா:* ஸ்டேல் செக்குங்ண்ணா. மூணு மாசந்தான் கணக்கு. 2012 ஏப்ரலுக்கு முன்ன ஆறு மாசம் இருந்துச்சு.

*கவின்:* மாமா, ஷிப்மென்ட் லேட்டுன்னு சொல்ல "பிஹைண்ட் தி டைம்ஸ்" போடலாங்களா?

*செந்தில் மாமா:* அடேய்! அது பழம்பஞ்சாங்கம்னு திட்டறது. "பிஹைண்ட் ஷெட்யூல்"னு போட்டு, எத்தன நாள்னும் எழுது.