நம்பிக்கை போன பிறகும் பூசை செய்யலாமா?

செந்தூல்வாசி:
நம்பிக்கை விட்டுப்போன பிறகும் பூசை செய்யும் குருக்களும் பிரசங்கம் செய்யும் போதகரும் மக்களை ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் என் கருத்து. எனக்குப் பழக்கமான ஒரு குருக்கள், எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன், "மந்திரம் சொல்கிறேன் தம்பி, கேட்க ஆள் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை" என்றார். மறுநாள் வழக்கம்போல அர்ச்சனைத் தட்டை வாங்கிப் பெயர், நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருந்தார். மனம் ஒப்பவில்லை என்றால் விலகிவிட வேண்டியதுதானே?

தண்ணீர்மலையான்:
விலகி எங்கே போவார் தம்பி? தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வரும் குருக்கள்மாருக்கு வேலை பெர்மிட் கோயிலை நம்பித்தான், தங்குவது கோயில் அறையில், சம்பளத்தை எதிர்பார்த்து ஊரில் ஒரு குடும்பம். வேலை போனால் பெர்மிட்டும் போச்சு. சின்ன வயதிலிருந்து பாடசாலையில் ஆகமம் படித்தவருக்கு வேறு என்ன தொழில் தெரியும்? அப்புறம், பூசை முறைப்படி நடந்ததா என்பதுதான் கணக்கு, குருக்களின் அன்றைய மனநிலை இல்லை.

பட்டர்வொர்த் மேரி:
எங்கள் திருச்சபையில் இது பழைய வழக்கு. குருவானவர் எப்படிப்பட்டவர் என்பதால் திருமுழுக்கு போன்ற திருவருட்சாதனம் செல்லாமல் போகாது என்று புனித அகுஸ்தீனார், தகுதியற்ற குரு செய்தால் செல்லாது என்ற டொனாட்டிஸ்டு பிரிவினரோடு வாதாடி 1,600 ஆண்டுகள் ஆகின்றன. அன்னை தெரசா 1997இல் இறந்தார். 2007இல் அவர் கடிதங்கள் வெளிவந்த பிறகுதான், ஏறக்குறைய 50 ஆண்டுகள் கடவுள் அருகில் இருப்பதை உணர முடியாமல் தவித்தார் என்று ஊருக்குத் தெரிந்தது. அதற்காக அவர் அள்ளித் தூக்கிய நோயாளிகளை ஏமாற்றினார் என்பீர்களா? ஆனால் அவருக்கு மனம் திறக்க ஆன்மிக வழிகாட்டிகள் இருந்தார்கள். இங்கே ஒரு சின்னச் சபைப் போதகருக்கு யார் இருக்கிறார்? வீடு சபையுடையது, மனைவி ஞாயிறு பள்ளி நடத்துகிறார், நண்பர்கள் எல்லாரும் விசுவாசிகள்.

பிரிக்பீல்ட்ஸ் குமரன்:
மேரி அக்கா சொல்வதுதான் நடக்கிறது. 2010இல் தத்துவ அறிஞர் டேனியல் டென்னட்டும் ஆய்வாளர் லிண்டா லாஸ்கோலாவும் நம்பிக்கை இழந்த 5 அமெரிக்கப் போதகர்களிடம் பேசி எழுதினார்கள். வருமானம், குடும்பம், பிரியமானவர்கள் நொந்துபோவார்களே என்ற பயம், இவைதான் அவர்கள் வாயைக் கட்டியிருந்தன. அடுத்த ஆண்டே அப்படிப்பட்டவர்கள் மறைவாகப் பேசிக்கொள்ள ஒரு குழு தொடங்கப்பட்டது. நம் நாட்டின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவில் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல், பள்ளிச் சபைகூடலில் ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். சந்தேகம் என்று வாயைத் திறந்தால் "யார் உன்னைக் கெடுத்தது" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள்.

செந்தூல்வாசி:
பெர்மிட் விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் இந்த மௌனத்தில் அடிபடுவது பக்தன். அம்மாவின் புற்றுநோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு பத்துமலையில் காவடி எடுத்த பையன் ஒருவனைத் தெரியும். அம்மா பிழைக்கவில்லை. "விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டாய்" என்று சொந்தக்காரர்கள் சொல்ல, அவனும் அதையே நம்பி உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறான். "எனக்கும் புரியவில்லையப்பா, உன் மேல் குற்றம் இல்லை" என்று ஒரு குருக்கள் சொன்னால் அவன் எவ்வளவு ஆறுதல் அடைவான்!

தண்ணீர்மலையான்:
அவனிடம் தனியாகச் சொல்லட்டும், வேண்டாம் என்றேனா? ஊருக்கே அறிவித்துவிட்டுப் போ என்பதைத்தான் ஒப்ப மாட்டேன். கல்யாணம், கருமாதி என்று அவரை நம்பி வரும் பாட்டிமார்களுக்கு அவருடைய குழப்பம் எதற்கு?

பட்டர்வொர்த் மேரி:
அண்ணே, பாட்டிமார்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை என்று யார் சொன்னது? என் பாட்டி செபமாலை உருட்டிக்கொண்டே, தாத்தாவை ஏன் அவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொண்டாய் என்று ஆண்டவரிடம் சண்டை போடுவார். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். செந்தூல் தம்பி, குருக்கள் பேசும்வரை காத்திருக்க வேண்டாம், அந்தப் பையனை நீங்களே போய்ப் பாருங்கள்.