தென் அமெரிக்காப் பக்கம் ஒப்பாரி உண்டா?

பள்ளத்தூர்க்காரி:
எங்க அப்பத்தா கேத வீட்டுக்குள்ள நுழைஞ்சா மத்தவுக பாட்டை நிறுத்திருவாக. செத்தவரு பினாங்குக் கடைக்கு அடுத்தாளா, அதான் உதவி ஆளாக் கப்பலேறினது, கடையை நடத்தற மேலாளாத் திரும்பினது, மகளுக்குப் போட்ட வைரத்தோடு வரைக்கும் பாட்டுலயே கணக்கு ஒப்பிச்சிருவாக. போன வாரம் மகன் போன்ல ஏதோ பெரு நாட்டுக் குழல் ஓடுச்சு. கேட்டதும் அடிவயிறு கலங்கிருச்சு. அங்கயும் இழவுக்குப் பாடுவாகளா? தெரிஞ்சவுக சொல்லுங்க.

ரெக்கார்டுப்பெட்டி, கானாடுகாத்தான்:
ஆச்சி, அது கேனாவா இருக்கும். நாணல் குழல், நெட்டுக்குத்தாப் பிடிச்சு ஊதறது. நீங்க கேட்டது 'எல் கொந்தோர் பாசா'ங்கற பாட்டா இருந்தா, அது பெருவை முந்தி ஆண்ட இன்கா ராசாக்க காலத்துப் பாட்டுன்னு யாராச்சும் சொல்வாக, நம்பிராதீக. 1913ல லிமாவுல ஒரு மேடை நாடகத்துக்கு தானியேல் அலோமியா ரோப்லெஸ் போட்ட இசை அது.

பெருவுல காதல் சோகத்துக்குன்னே 'யாரவி'ன்னு ஒரு பாட்டு வகை இருக்கு. அதுல பேர்போனவரு அரெகிப்பா ஊரு மரியானோ மெல்கார். கைகூடாத காதலியை 'சில்வியா'ன்னு பேர் வச்சுப் பாடினவரு. ஸ்பெயினை எதிர்த்த கலகத்துல சேர்ந்து, 1815ல உமாச்சிரிச் சண்டையில பிடிபட்டாரு. சுட்டுட்டாக. வயசு 24.

நீங்க கேட்ட இழவுப் பாட்டு முந்தி சிலி நாட்டுக் கிராமங்கள்ல இருந்துச்சு. கைக்குழந்தை செத்தா வெள்ளை உடுத்தி, பூ வச்சு, சின்ன நாற்காலியில உட்கார வைப்பாக. ராத்திரி பூரா பாட்டு. நம்ம பக்கம் பொம்பளைக மாரடிச்சுப் பாடறது. அங்க பெரும்பாலும் ஆம்பளைக, கித்தாரோடயோ 25 தந்தி கித்தார்ரோனோடயோ. பத்துப் பத்து அடியாக் கட்டின பாட்டு. கடைசியில செத்த பிள்ளையே பேசற மாதிரி, ஆத்தாகிட்ட விடைபெத்துக்கும். ஆத்தா மட்டும் அழக்கூடாதாம். செத்த பிள்ளை தேவதையாயிருமாம், கண்ணீர் பட்டா அதோட ரெக்கை நனைஞ்சு மேலோகம் பறக்க முடியாதுன்னு நம்பிக்கை. எனக்கு இது பெருங்கொடுமையாத்தான் படுது.

ஆத்தங்குடியான்:
கேனாவுக்கே ஒரு கதை இருக்கே, அண்ணே சொல்லாம விட்டுட்டீகளே. ஒரு பாதிரியார் ஒரு பொண்ணு மேல உசிரா இருந்தாராம். அவரு வெளியூர்ல இருந்தப்ப அவ செத்துட்டா. திரும்பி வந்து குழியைத் தோண்டி, கால் எலும்புல கேனா செஞ்சு, மண்பானைக்குள்ள வச்சு ஊதினாராம். அந்தக் கதைக்கு 'மஞ்சாய் புய்ட்டு'ன்னு பேரு. ராத்திரியில படிக்காதீக.

பள்ளத்தூர்க்காரி:
தம்பி, படிச்சுத் தொலைச்சிட்டேன்! அழக்கூடாதுன்னு எங்க அப்பத்தாகிட்ட யாராச்சும் சொல்லியிருந்தா அவனுக்கும் சேர்த்து ஒரு ஒப்பாரி வச்சிருப்பாக. அந்தப் பிள்ளைப் பாட்டை எங்க கேக்கலாம்?

ரெக்கார்டுப்பெட்டி, கானாடுகாத்தான்:
வியோலெத்தா பார்ரான்னு தேடுங்க ஆச்சி. 1950கள்ல சிலி கிராமம் கிராமமாப் போயி பெரியவுககிட்டப் பாட்டுச் சேகரிச்சவுக. அந்தச் சடங்கை வச்சு அவுகளே கட்டின 'ரின் தெல் ஆங்ஹெலித்தோ' 1966ல வந்த இசைத்தட்டுல இருக்கு. அது சரி, அப்பத்தா பாட்டை யாராச்சும் கேசட்டுல பிடிச்சு வச்சிருக்கீகளா?