திறக்காத இரட்டைக்குழல், உள்ளே தோட்டா இருக்கிறதா தெரியவில்லை
அப்பாவின் உரிமத்தில் உள்ள பழைய 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி திறக்க மாட்டேன் என்கிறது. சுடும்போது அடிக்கும் சுத்தியல் வெளியே தெரியாத மாடல். போன மழைக்காலம் வரை நன்றாகத் திறந்தது. இப்போது குழலைத் திறக்கும் மேல் லீவர் பாதி நகர்ந்து நின்றுவிடுகிறது, கீல் ஓரம் துரு.

கீலில் எண்ணெய் விட்டு இரவு முழுக்க வைத்தும் அசையவில்லை. தட்டித் திறக்கப் பயம். இந்த வகையில் பலவற்றில் சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு), சுடும் விசையை மட்டும்தான் தடுக்கும், உள்ளே இருக்கும் சுத்தியலை அல்ல. அடிபட்டாலோ விழுந்தாலோ வெடிக்கலாம். குழல் நுனி வழியாகப் பார்க்க யாரையும் விடவில்லை. தோட்டாக்களைத் தனியாகப் பூட்டிவிட்டேன். துப்பாக்கி இரும்புப் பெட்டியில், சாவி என்னிடம். வீட்டில் நான்கு வயதுப் பையன், பூட்டைக் கண்டாலே நோண்டுவான்.

பழுதுபார்ப்பவரை வீட்டுக்கே வரவழைப்பதா, இப்படியே அவரிடம் எடுத்துப் போவதா, எது பாதுகாப்பு?